கரைக்குப் போசாக்கா?

"கடற்கரைப் போசாக்கூட்டல்." போன மாதம் முல்லைத்தீவுக் கரையில் ஒரு சங்கக் கட்டடத்தில் நடந்த கூட்டத்தில் இதை நாலாவது தடவையாகக் கேட்டேன். வந்தவர் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனார். முன்வரிசையில் இருந்த சம்மாட்டி ஐயா கையை உயர்த்தி, "தம்பி, கரைக்குத் திரிபோஷா குடுக்கப் போறியளோ?" என்றார். மண்டபமே சிரித்தது. திரிபோஷா, கிளினிக்கில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் சத்துமா.

"வேற இடத்து மணலைக் கொண்டந்து கடல் அரிச்ச கரையில போடுறதாம்" என்று பின்னாலிருந்து யாரோ விளக்கினார்கள். உடனே ஒரு அக்கா, "ஓ, கச்சானுக்கு மண் அணைக்கிற மாதிரியோ?" என்றார். கச்சான் என்றால் நிலக்கடலை.

பிரசுரம் எழுதியவருக்குக் கிடைக்காத சொல் இதுதான்: மணல் அணைத்தல்.

ஆங்கிலத்தில் இதை நரிஷ்மென்ட் என்கிறார்கள். பாலூட்டுவதைக் குறித்த லத்தீன் வினை, பிரெஞ்சு வழியாக வந்தது. போசாக்கு, சமஸ்கிருதப் போஷணையின் உறவு. வடசொல் என்பதல்ல என் சண்டை. கிளினிக்கில் பிள்ளைகளின் நிறை பார்க்கும் இடத்தில் அது நல்ல சொல்தான். கடற்கரைக்கு வந்தவுடன் பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

அப்படியென்றால் 'மணலூட்டல்' என்று வைப்போமே என்றார் ஒரு நண்பர். 'உண்' என்பதன் பிறவினை 'ஊட்டு', அசல் தமிழ். ஆனால் எங்கள் பக்கம் "கடல் கரையைத் தின்னுது" என்பதுதான் பேச்சு. அப்படியிருக்க, ஊட்டினால் உண்ணப்போவது யார்? கடல்தானே!

ஊட்டத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஊட்டம் பெற்ற உடம்பு தானாகத் தேறும். கரை தேறாது. ஆற்று மணலை அள்ளியதாலோ, மேலே அணை கட்டியதாலோ, கரையோரமாக நகரும் மணலைத் துறைமுகக் கல்லணை மறித்ததாலோ வரத்துக் குறைந்திருக்கும். அந்தக் காரணம் அப்படியே இருக்கும்வரை போட்ட மணலும் போகும். நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் 1922இல் மணல் போடத் தொடங்கினார்கள், பிறகும் பலமுறை போடவேண்டி வந்தது. கச்சான் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூத்தபின் காம்பு இறங்க அடியில் மண் அணைப்போம். மழை கரைத்தால் திரும்ப அணைப்போம். கரையிலும் அந்த இடத்து மணலைவிட நொய் மணலைப் போட்டால் அலை இலகுவாக அள்ளிவிடும், பருமணல்தான் நிற்கும்.

2020இல் கல்கிசையிலும் களுத்துறையிலும் கடலடி மணலைக் கரையில் போட்டபோது, கொஞ்ச நாளிலேயே அலை இழுத்துப்போய்விட்டது என்று பெரிய வாதம் எழுந்தது. இழுபட்ட மணல் எல்லாமே வீணல்ல. கரைக்கு முன்னால் படிந்தால் அங்கே ஆழம் குறையும், அலை எட்டவே உடையும். 'அணைத்தல்' என்று சொல்லியிருந்தால் இதில் பாதி விளங்கியிருக்கும்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒருநாள் கரைக்கு வந்து கேட்டால் என்ன? கடலும் களப்பும் தொடும் வாயைக் குறிக்கும் சொல்லைக் கொக்குத்தொடுவாய் ஊர்ப்பெயரிலேயே வைத்திருக்கிறது. பிரசுரத்திலோ அது 'உள்நுழை வாயில்'. கல்லைத் தவிர்த்து மணலாலும் செடியாலும் கரை காப்பது 'மென் பொறியியல்' ஆம், என் மருமகன் அதைக் கொம்பியூட்டர் படிப்பு என்று நினைத்தான். அக்கரையில், தமிழ்நாட்டில், மீனவர் வாயில் புழங்கும் 'தூண்டில் வளைவு' எவ்வளவு அழகு! கடலுக்குள் வளைந்து நீளும் கல்வரிசை அப்படியே கண்ணில் நிற்கிறது.

'அணைப்பு' என்றால் கட்டிப்பிடிப்பதும் விளக்கு அணைப்பதும் ஆகாதா என்று கேட்பார்கள். கச்சான் தோட்டத்தில் இதுவரை யாரும் குழம்பியதில்லை.

பிரசுரத்தில் மூன்று இடத்தில் பேனையால் வெட்டி, 'மணல் அணைத்தல்' என்று எழுதி, கூட்டம் நடத்தியவரிடமே கொடுத்தேன். கவனமாக வாங்கிக்கொண்டார். புதிய பிரசுரம் முந்தநாள் கைக்கு வந்தது: 'கரையோரப் போஷணை மேம்பாடு'.