மருவுக்குச் சுண்ணாம்பு வைக்கும் முன்

மரு என்று சொல்லி என்னிடம் வருகிறவர்களில், ஏற்கெனவே எதையாவது தடவிப் பார்க்காமல் நேராக வந்தவர் அபூர்வம். பூண்டு, எருக்கம்பால், அம்மான் பச்சரிசிப் பால், வாழைப்பழத் தோல், வினிகர், ஊதுபத்திச் சூடு, தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது என்று வீட்டுக்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. இவற்றில் பாதி ஒன்றுமே செய்யாதவை. தோல் மருத்துவம் பார்க்கிற எனக்கு அவற்றோடு சண்டை இல்லை. 'நன்றாகக் கேட்கும்' என்று ஊரில் பெயர் வாங்கிய வைத்தியங்கள்தாம் எனக்குக் கவலை தருகின்றன.

அவற்றில் முதலிடம் சுண்ணாம்புக்கு. வெற்றிலைச் சுண்ணாம்போடு சலவைச் சோடாவைக் குழைத்து, ஈர்க்குச்சி நுனியால் தொட்டு மருவின் மேல் வைப்பார்கள். இரண்டும் வீட்டில் புழங்குகிற பொருள்கள்தானே என்ற தைரியம். ஆனால் ஈரத்தில் இவை சேரும்போது நடப்பது வேறு. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் வினைபுரிந்து காஸ்டிக் சோடா உண்டாகிறது. ஒரு காலத்தில் தொழிற்சாலைகளிலேயே இந்த முறையில்தான் அதைத் தயாரித்தார்கள். அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயில் கொட்டுகிற அதே பொருளைத்தான் கழுத்திலும் கன்னத்திலும் வைத்துக்கொள்கிறோம்.

அமிலம் பட்டால் தோலின் புரதம் உறைந்து, அதுவே ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் அப்படி நிற்பதில்லை. கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டே கீழே இறங்கும். முதலில் பெரிதாக எரிச்சல்கூடத் தெரியாது என்பதுதான் இதில் ஏமாற்று. காலையில் பார்த்தால் அந்த இடம் கருத்திருக்கும். சில நாளில் பொருக்கு விழும். 'மரு விழுந்துவிட்டது' என்று வீடே மகிழும். மரு மட்டுமா விழுந்தது? மரு எங்கே முடிகிறது, நல்ல தோல் எங்கே தொடங்குகிறது என்பது காஸ்டிக் சோடாவுக்குத் தெரியாது. நெஞ்சிலும் தோள்பட்டையிலும் வைத்துக்கொண்ட சிலருக்கு அந்தத் தழும்பு தடித்து, மருவைவிடப் பல மடங்கு பெரிதாக வளர்ந்து நிற்கிறது. நம் தோலின் நிறத்துக்குப் புண் ஆறிய இடம் கருப்பாகிப் பல மாதம் அப்படியே இருப்பதும் சாதாரணம்.

திருமணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது இந்த வைத்தியம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் கன்னத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பின் மேல், மிளகைப் பாதியாக உடைத்த அளவில் வெளிர் குழிகள், அவற்றைச் சுற்றிக் கருவளையம். குழிகளுக்கு நடுவே இன்னும் தொடப்படாத சில கரும்புள்ளிகள் மேடாக இருந்தன. கூட வந்த அம்மாவின் கன்னத்திலும் அதே புள்ளிகள். அவை மருவே அல்ல. கருநிறத் தோல் உள்ளவர்களுக்குக் குடும்பவழியாக வயதோடு வருகிற சிறு தோல் வளர்ச்சிகள். தொற்றாது, புற்றாக மாறாது, விட்டுவிட்டாலும் ஒன்றும் ஆகாது. வேண்டாம் என்றால் மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவி, மெல்லிய மின்முனையால் தழும்பு பெரிதாக விழாமல் எடுத்துவிடலாம்.

தோலில் மேடாக எது வந்தாலும் மரு என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையான மரு ஒரு வைரஸ் தொற்று. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்பிவி. மருவைத் தோற்றுவிப்பது வைரஸ்தான் என்பதை 1907-லேயே இத்தாலிய மருத்துவர் ஜூசெப்பே சியுஃபோ காட்டினார். மருவை அரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த நீரைக்கொண்டு மருவைத் தோற்றுவித்தார். இன்று இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டிருக்கின்றன. கையில் வருவது ஒரு வகை, பாதத்தில் வருவது ஒரு வகை; இறைச்சியும் மீனும் வெட்டுகிறவர்களின் கையில் அதிகம் காணப்படுகிற வகைகூட ஒன்று உண்டு.

இந்த வைரஸ் தோலின் மேலடுக்கில் மட்டும்தான் குடியிருக்கிறது. இரத்தத்தில் இல்லை. எனவே 'மருவின் இரத்தம் பட்ட இடமெல்லாம் மரு வரும்' என்பது சரியல்ல. கிள்ளும்போது உதிர்கிற தோல் துணுக்கில் வைரஸ் இருக்கிறது. அது கீறல் உள்ள இடத்தில் பட்டால் பரவும். அதேபோல் 'வேரோடு பிடுங்க வேண்டும்' என்பதும் வீண். மருவுக்கு வேர் கிடையாது. வேரைத் தேடி ஆழமாக வெட்டுகிறவருக்குத் தழும்புதான் கிடைக்கும்.

சரி, வீட்டிலேயே எப்படி அடையாளம் காண்பது? மருவின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். கைரேகையோ பாதத்தின் தோல்கோடுகளோ மருவின் ஓரத்தில் நின்றுபோய், அதைச் சுற்றிக்கொண்டு போகும். மேல்தோலைச் சற்றுத் தேய்த்தால் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரியும். உள்ளே இரத்தம் உறைந்த நுண்குழாய்கள் அவை. கால் ஆணியில் இந்தப் புள்ளிகள் இருக்காது, கோடுகளும் அதன் மேலேயே தொடர்ந்து ஓடும். ஆணி நேராக அழுத்தினால் அதிகம் வலிக்கும். பாதத்து மரு இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலிக்கும். குழந்தைகளின் உடம்பில் முத்துப்போல் பளபளப்பாக, நடுவில் சிறு குழியோடு வருவது வேறு வைரஸ். பலர் பாலுண்ணி என்பது இதைத்தான்.

கழுத்திலும் அக்குளிலும் காம்போடு தொங்குகிற மென்மையான சதைத் துணுக்குகளும் மருக்கள் அல்ல. தொற்றுவதும் இல்லை. இவற்றுக்கு நூல் கட்டலாமா என்று கேட்டுக்கொண்டு வருகிறவரிடம் நான் முதலில் பார்ப்பது பின்கழுத்து. அங்கே வெல்வெட் போலத் தடித்த கருமையும் சேர்ந்திருந்தால் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்கிறேன். இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடம்பில் இவை இரண்டும் சேர்ந்தே வரும். நூல் கட்டியோ முடி கட்டியோ துணுக்கை உதிர்த்துவிடலாம்தான். பாதி இறுகி, அழுகிச் சீழ் வைத்து வருகிறவர்களையும் பார்க்கிறேன். ஆனால் சர்க்கரை நோயின் முன்னறிவிப்பைப் பார்க்காமலே விட்டுவிடுவது அதைவிடப் பெரிய இழப்பு.

இன்னும் இரண்டைச் சொல்லவேண்டும். முழங்காலிலோ பாதத்திலோ பிட்டத்திலோ ஒரே ஒரு 'மரு' மாதக்கணக்கில் மெல்ல விரிந்து, ஒரு பக்கம் ஆறித் தழும்பாகி மறுபக்கம் வளர்ந்துகொண்டே போனால், அது தோலில் வந்த காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் இது புதிதல்ல. சிறு தசைத்துணுக்கு எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்துவிட்டால், ஆறு மாதக் காசநோய் மாத்திரையில் குணமாகும். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். இதற்கு வருடக்கணக்கில் எருக்கம்பால் வைப்பவர்கள் இருக்கிறார்கள். மற்றது, பாதத்திலோ நகத்தின் கீழோ கருப்பாக வளர்வது, தொட்டால் இரத்தம் கசிவது, ஆறாத புண்ணாவது. நம்மவர்களுக்கு மெலனோமா என்னும் தோல்புற்று அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில் வருகிறது. இந்த இரண்டிலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

இனி, ஊரில் இவ்வளவு வைத்தியங்களும் எப்படிப் பெயர் வாங்கின? மரு தானாகவே போகிற நோய். குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள், மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இரண்டு வருடத்துக்குள், எதுவும் செய்யாமலே மறைந்துவிடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த வைரஸை ஒருநாள் அடையாளம் கண்டுகொண்டால் போதும், இருபது மருக்களும் ஒன்றாக உதிரும். அந்த வாரம் எதைத் தடவினீர்களோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். வாழைப்பழத் தோலுக்கும் ஹோமியோபதியில் தருகிற தூஜா களிம்புக்கும் கிடைத்த புகழ் பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. மருவின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டிவைத்தால் போதும் என்று 2002-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. பிறகு 2006-லும் 2007-லும் ஒப்பீட்டுக் குழு வைத்துக் கவனமாகச் செய்த ஆய்வுகளில் அந்தப் பெருமை நிற்கவில்லை. ஒட்டினால் கெடுதல் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்த வீட்டு வைத்தியம் உப்பும் மிளகும். தடவுவதற்கு அல்ல, வேண்டிக்கொண்டு கோயிலில் செலுத்துவதற்கு. வைத்தீசுவரன்கோயில் முதல் ஊர் மாரியம்மன் வரை இந்த வழக்கம் உண்டு. தோலில் எதுவும் படுவதில்லை. குழந்தைக்கு வலி இல்லை. உடம்பு தன் வேலையை முடிக்க அவகாசம் கிடைக்கிறது. 'உப்பு மிளகு போட்டுவிட்டு வரலாமா டாக்டர்?' என்று தயங்கித் தயங்கிக் கேட்கிற பாட்டிகளிடம் தாராளமாகப் போட்டுவிட்டு வாருங்கள் என்றே சொல்கிறேன்.

பூண்டு அப்படியல்ல. நசுக்கிய பச்சைப் பூண்டை வைத்து இரவு முழுவதும் கட்டினால் கொப்புளம் போடும். பண்ருட்டிப் பக்கத்தில் கிடைக்கிற முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும், சேராங்கொட்டையும் இன்னும் மோசம். வைத்த இடம் வெந்துபோவதோடு, ஒவ்வாமை கிளம்பி முகமும் கையும் வீங்கியவர்கள் வருகிறார்கள். எருக்கம்பாலில் எனக்கு உள்ள பயம் தோலைப் பற்றியதைவிடக் கண்ணைப் பற்றியது. பாலைத் தொட்ட விரல் கண்ணில் பட்டால் வலிகூட அதிகம் இல்லாமல் பார்வை புகைமூட்டமாகும். கருவிழியின் உட்புறச் செல்களையே அது தாக்குகிறது. இமையில் உள்ள மருவுக்கு எருக்கம்பால் வைக்கச் சொல்கிறவரை என்ன சொல்வது?

வீட்டில் செய்துகொள்ளக்கூடிய, ஆய்வுகளில் தேறிய வைத்தியம் ஒன்று இருக்கிறது. அது சாலிசிலிக் அமிலம். மருந்துக்கடையில் மருவுக்கென்று விற்கிற திரவத்தில் சுமார் 17 சதவீதம் இருக்கும், பெரும்பாலும் லாக்டிக் அமிலமும் சேர்த்து. கை, கால் மருவுக்கு மட்டும். இரவில் அந்த இடத்தை வெந்நீரில் ஐந்து பத்து நிமிடம் ஊறவையுங்கள். ஊறி வெளுத்த தோலை நகம் தேய்க்கும் அரத்தால் மெல்லத் தேய்த்து எடுங்கள். இரத்தம் வரும்வரை போகவேண்டாம். அந்த அரத்தை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் பூசிவிட்டு, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். மேலே சாதாரண பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். எரிச்சல் அதிகமானால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.

இதை எத்தனை நாள் செய்யவேண்டும் என்பதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். பன்னிரண்டு வாரம். பத்து நாள் வைத்துவிட்டு 'இந்த மருந்து கேட்கவில்லை' என்று சுண்ணாம்புக்குப் போகிறவர்களே அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில், பல் துலக்குகிற வேளையோடு இதைச் சேர்த்துவிடுங்கள் என்பேன். மிகச் சிறு குழந்தைகளுக்கு மருத்துவர் பார்த்த பிறகுதான்.

சர்க்கரை நோயாளிகள் இதையும் தொடக்கூடாது. கால் ஆணிக்கென்று விற்கிற பிளாஸ்டரில் இருப்பதும் இதே அமிலம்தான், சில சமயம் 40 சதவீதம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அது தோலை அரித்துப் புண்ணாக்குவது தெரியாது. செருப்பைக் கழற்றும்போது சீழ் கண்ட பிறகே வருகிறார். காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதே தடை. முகத்தில் வைக்கவேண்டாம். மச்சத்தின் மேல் வைக்கவேண்டாம்.

பிறப்புறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ வருகிற மருவைப் பற்றி வெட்கத்தால் பேசாமல், இருட்டில் எதையோ தடவிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அங்கே தோல் மெல்லியது, எது பட்டாலும் வெந்துபோகும். அங்கே மருப்போலத் தோன்றுவது சிபிலிஸ் நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதற்குப் பென்சிலின் ஊசிதான் மருந்து. இணையரும் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும். என் அறையில் சொல்வது அறையோடு நிற்கும்.

தாடியில் மரு உள்ளவர்கள் ரேசரை நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் கத்தரியாலோ டிரிம்மராலோ வெட்டிக்கொள்ளுங்கள். ரேசர் போன வழியிலேயே வரிசையாகப் புது மருக்கள் முளைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். சலூனில் பிளேடு புதிதா என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. நகம் கடிக்கிற பிள்ளைக்கு நகத்தைச் சுற்றியே மரு வந்துகொண்டிருக்கும், உதட்டுக்கும் போகும்.

மருத்துவரிடம் வந்தால் என்ன செய்வோம்? மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனால் உறையவைப்போம், அல்லது மின்சூட்டால் எடுப்போம். மரு நிறைய இருந்தால், அம்மைக்குப் போடுகிற எம்எம்ஆர் தடுப்பூசி மருந்தையே ஒரு மருவுக்குள் செலுத்தி எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற முறையும் இப்போது இருக்கிறது. அது பலித்தால் ஊசி படாத மருக்களும் உதிரும். எந்த முறையிலும் திரும்ப வரலாம். ஒரே தடவையில், திரும்பவே வராது என்று உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிற இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே சுண்ணாம்புக் கலவையை வைத்துவிட்டீர்கள், எரிகிறது என்றால், முதலில் ஒட்டியிருப்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் குறைந்தது இருபது நிமிடம் ஓடவிடுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்றவேண்டாம், புண் இரட்டிப்பாகும். பற்பசை, மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். சுண்ணாம்போ எருக்கம்பாலோ கண்ணில் பட்டிருந்தால், இமையை விரித்துப் பிடித்து அதேபோல் நெடுநேரம் கழுவிவிட்டு, வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். எதை வைத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.