கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த இடத்தில் எலும்பு முறிந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்குமா?

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்து முடித்து ஓரிரு ஆண்டு ஆகியிருக்கும். கீழே விழுந்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் இடுப்பில் தாங்க முடியாத வலி. நோய் திரும்பிவிட்டது என்று வீடே கலங்கிப்போகும். அது வெறும் எலும்பு விரிசலாகவும் இருக்கலாம். கதிர்வீச்சு, எலும்பை உருவாக்கும் செல்களையும் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் சிதைக்கிறது. அப்படிப்பட்ட எலும்பு, நடக்கும்போது விழும் பாரத்துக்கே விட்டுக்கொடுத்துவிடும். எது காரணம் என்பதை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் காட்டிவிடும்.

இடுப்பு விரிசல் பலருக்கு ஓய்வு, வலி மருந்து, வாக்கர், கால்சியம், வைட்டமின் டி இவற்றிலேயே ஆறிவிடும். தொடை எலும்பு முறிந்தால் அப்படி இல்லை. ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு சேர மாதக்கணக்கில் ஆகும், சேராமலும் போகலாம். உள்ளே கம்பி செலுத்துவது, காலின் சிற்றெலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து வைப்பது, மூட்டு மாற்று என்று பெரிய அறுவை சிகிச்சைகள் தேவைப்படும். செலவும் அதற்கேற்ப ஏறும்.

இங்கேதான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வருகிறது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. 2018 முதல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து நடக்கிறது. புற்றுநோய்க்குப் பயன்படுத்திய அட்டையே போதும், எலும்புக்கென்று தனி அட்டை கிடையாது. பழைய நோய் இருந்தது என்பதற்காக யாரும் மறுக்கவும் முடியாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்தத் தொகை தலைக்கு இல்லை, குடும்பம் முழுவதற்கும். அதே ஆண்டில் கீமோவுக்குப் பெரும்பகுதி போயிருந்தால் மீதிதான் கிடைக்கும். எவ்வளவு மிச்சம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதாலேயே எல்லாப் பிரிவுக்கும் அங்கே அனுமதி உண்டு என்று நினைக்க வேண்டாம். எலும்பு அறுவைக்கு உண்டா என்று அங்குள்ள காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். முன் அனுமதியை மருத்துவமனையே வாங்கித் தரும். அது வருமுன் கையிலிருந்து பணம் கட்டிவிடாதீர்கள்.

எலும்பு டாக்டரிடம் போகும்போது கதிர்வீச்சு சிகிச்சைச் சுருக்கத்தைக் கட்டாயம் கொண்டுபோங்கள். எந்த இடத்தில், எவ்வளவு, எப்போது வைத்தார்கள் என்பது அதில் இருக்கும். அது தெரியாமல் சாதாரண முறிவு என்று பிளேட் வைத்து, எலும்பு சேராமல் மறுபடி திறக்க நேர்ந்தால் அந்த வேதனை நோயாளிக்குத்தான்.

அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குச் செல்லலாம். திட்டத்தில் சேர்ந்த சிகிச்சைக்கு யாராவது பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் உடனே புகார் சொல்லுங்கள்.