சார்ட் என்பதற்குத் தமிழில் விளக்கப்படம்

ரயிலில் இடம் கிடைத்ததா என்று பார்க்கும்போது ‘சார்ட் வந்துடுச்சா?’ என்று கேட்கிறோம். அது பயணிகளின் பெயர்ப்பட்டியல். பள்ளிப் பிள்ளைக்குக் கடையில் வாங்கித் தரும் சார்ட் ஒரு பெரிய வண்ணத்தாள். அங்கன்வாடியில் குழந்தையின் எடையைப் புள்ளி வைத்துக் குறிக்கும் சார்ட் வேறு. இங்கே பேசப்போவது இந்தக் கடைசி வகையை, அதாவது எண்களைக் கோடாகவும் பட்டையாகவும் வட்டமாகவும் கண்ணுக்குக் காட்டும் சார்ட்டை.

பாப்பிரஸ் என்ற நாணலில் செய்த தாளைக் கிரேக்கர்கள் ‘கார்ட்டேஸ்’ என்றார்கள். அது லத்தீனில் ‘கார்ட்டா’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார்டு, கார்ட்டன், கார்ட்டூன் எல்லாம் அதே குடும்பம்தான். ஆங்கிலத்தில் சார்ட் என்றால் முதலில் மாலுமிகள் பயன்படுத்திய கடல் வரைபடம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-ல் வணிகக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து வெளியிட்ட நூலுக்கு ‘அட்லஸ்’ என்றே பெயர் வைத்தார். உள்ளே நாடுகளின் படம் ஒன்றுகூட இல்லை. ஏற்றுமதி, இறக்குமதிக் கோடுகள்தான். பட்டைகளால் ஆன படமும் அதில் உண்டு. வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் படத்தை 1801-ல் கொண்டுவந்தவரும் அவரே.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிலர் ‘அட்டவணை’ என்று எழுதுகிறார்கள். அது தவறு. கட்டம் போட்டு எண்களை வரிசையாக எழுதினால்தான் அட்டவணை. ‘வரைபடம்’ என்பது பரவலான சொல், ஆனால் நிலத்தின் படத்துக்கும் அதையே சொல்கிறோம். பொதுச் சுகாதாரத்தில் இந்தக் குழப்பம் உண்மையிலேயே இடறும், ஏனென்றால் அங்கே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, எந்தெந்த வீட்டில் சாவு நேர்ந்தது என்பதைத் தெருப்படத்தில் மருத்துவர் ஜான் ஸ்னோ குறித்துக் காட்டினார். அந்த வட்டாரத்துத் தண்ணீர்க்குழாயைச் சுற்றியே அவை குவிந்திருந்தன. அது வரைபடம். கிரிமியப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் கணக்கைச் செவிலியர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-ல் படமாக்கினார். மாதத்துக்கு ஓர் ஆப்பு, பூவிதழ்கள்போல வட்டமாக விரியும். தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்ச் சாவுகளுக்கு நீலம், காயத்தால் நேர்ந்தவற்றுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. 1855 ஜனவரியில் தொற்றுநோயால் இறந்தவர்கள் 2,761 பேர். காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். அந்த மாதத்து நீல ஆப்பின் பரப்பைப் பார்த்தவருக்கு, வீரர்களைக் கொன்றது எதிரியின் குண்டைவிட நோய்தான் என்பது ஒரு நொடியில் புரிந்துவிடும்.

நைட்டிங்கேல் வரைந்ததற்கு ‘விளக்கப்படம்’ என்ற பெயரே பொருந்தும். நம் பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் ஏற்கெனவே ‘வட்ட விளக்கப்படம்’ இருக்கிறது. புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. விளங்கு என்றால் ஒளிர்தல், தெளிவாதல். அதைச் செய்விப்பது விளக்கம். படம் என்பதற்குத் துணி, சீலை என்ற பழைய பொருள் உண்டு. துணியில் தீட்டியது படம், நாணல்தாளில் வரைந்தது சார்ட் என்று, எழுதிய பரப்பே இரண்டுக்கும் பெயராகியிருக்கிறது. ஆனால் ‘விளக்கம்’ என்ற முன்பாதி தமிழில் மட்டும்தான் இருக்கிறது. விளக்காத படத்தை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

விளக்காத படங்கள் நிறையவே வருகின்றன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இந்திய அளவில் 2015-16-ல் 38.4 சதவீதம்; 2019-21-ல் 35.5. குறைவு 2.9 சதவீதப் புள்ளிகள். இதைப் பட்டையாக வரையும்போது கீழ்க்கோட்டைச் சுழியத்தில் தொடங்காமல் 35-ல் தொடங்கினால், முதல் பட்டை இரண்டாவதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு உயரமாக நிற்கும். எண் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் பார்ப்பவர், பிரச்சினை தீர்ந்தேவிட்டது என்று நம்பிப் போய்விடுவார். 2019-21-லும் மூன்றில் ஒரு குழந்தைக்கும் மேல் அந்த நிலையில் இருந்திருக்க, இப்படி வரைவது பெரிய தீங்கு. பட்டையில் நீளம்தான் அளவைச் சொல்கிறது. அதனால் சுழியத்தில் தொடங்கியே ஆகவேண்டும். கோட்டு விளக்கப்படத்தில் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கிறோம் என்பதால், அங்கே இந்தக் கட்டாயம் அவ்வளவு இல்லை.

வகைகளின் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். பார் சார்ட் என்பது பட்டை விளக்கப்படம். பை சார்ட் வட்ட விளக்கப்படம். இலங்கைப் பாடநூல்களில் வட்ட வரைபு. இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கும் பட்டைகளால் எண்களின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் தமிழ்நாட்டில் நிகழ்வுச் செவ்வகம் என்கிறோம், இலங்கையில் வலையுருவரையம் என்கிறார்கள். ‘வரைபு’ என்ற அந்த இலங்கை வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். கிராஃப் என்பதற்கு நாமும் அதை எடுத்துக்கொண்டால் வரைபடத்தின் சுமை பாதி குறையும்.

வட்ட விளக்கப்படத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துண்டுகள் எல்லாம் சேர்ந்து நூறு சதவீதம் ஆகவேண்டும். ‘உடம்புக்கு முடியாவிட்டால் எங்கே போவீர்கள்?’ என்ற கேள்விக்கு, அரசு மருத்துவமனை, தனியார், மருந்துக்கடை என்று ஒருவரே இரண்டு மூன்று பதில் சொல்லலாம். மொத்தம் நூறைத் தாண்டும். அதை வட்டத்துக்குள் திணிக்காமல், பதிலுக்கு ஒரு பட்டையாகப் படுக்கைவாட்டில் அடுக்கி, பட்டையின் நுனியிலேயே எண்ணை எழுதிவிடலாம். எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்த ஆண்டு என்பதையும் படத்துக்கு அடியிலேயே எழுதிவிட வேண்டும்.