பிளக் மாற்றியதும் மிஸ்ஸிங்கா? முதலில் கை பட்ட இடத்தைப் பாருங்கள்

போன வாரம் ஒருவர் காரைக் கொண்டுவந்தார். வீட்டிலேயே நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றியிருக்கிறார், அதுவரை நன்றாக ஓடிய வண்டி அதற்கப்புறம் ஐட்லிங்கில் உதறுகிறது, மேட்டில் இழுக்கவில்லை. இன்ஜெக்டர் போய்விட்டதோ என்று பயந்து வந்தவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: பிளக் மாற்றும்போது எதையெல்லாம் கழற்றினீர்கள்?

மாற்றிய உடனே வந்த கோளாறு பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். இக்னிஷன் காயிலின் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) கனெக்டர் சரியாக லாக் ஆகியிருக்காது, ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கும்போது கழன்ற வேக்கம் ஹோஸை (இன்ஜினோடு சேரும் சின்ன ரப்பர் குழாய்) மாட்ட மறந்திருப்போம், பழைய வண்டி என்றால் பிளக் வயர் இடம் மாறியிருக்கும் (நாலு சிலிண்டரில் தீப்பொறி விழுவது பெரும்பாலும் 1-3-4-2 வரிசையில், இரண்டு வயர் மாறினாலே உதறிவிடும்).

அவர் வண்டியில் இதெல்லாம் சரியாக இருந்தது. ஸ்கேனரில் பி0302 என்ற எரர் கோட், அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியவில்லை). அந்த எரர் கோட்-ஐ அழித்துவிட்டு இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி ஓடவிட்டேன். காயிலில் கோளாறு என்றால் பி0303 வந்திருக்கும். மறுபடி பி0302தான் வந்தது, அப்படியென்றால் காயிலில் கோளாறு இல்லை. பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் முடி போல ஒரு விரிசல், அதன்மேல் கறுப்புக் கோடு. மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்த விரிசல் வழியாகவே இன்ஜின் ஹெட்டில் (பிளக் மாட்டியிருக்கும் மேல்பகுதி) இறங்கியிருக்கிறது. காட்டியதும் ஞாபகம் வந்து சொன்னார், "ஒண்ணு கைதவறிக் கீழே விழுந்துச்சு சார், பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு."

கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள், புதிதானாலும். பீங்கான் தப்பித்தாலும் முனையில் இருக்கும் இடைவெளி (கேப்) நெருங்கியிருக்கலாம். பிளக் கழற்றும் சாக்கெட்டைச் சாய்த்துப் பிடித்து இறுக்கினாலும் இதே விரிசல் விழும். ஹெட் அலுமினியம் என்பதால் இன்ஜின் ஆறிய பிறகு, முதலில் கையால் திருகிவிட்டு அப்புறம் டார்க் ரெஞ்ச் (அளவு வைத்து இறுக்கும் ஸ்பேனர்) பிடியுங்கள். ஹெட்டில் திரெட் (மரை) போனால் பெரிய செலவு.

எனக்கு மனது கேட்காதது வேறொன்று. செக் இன்ஜின் லைட் மின்ன மின்ன மூன்று நாள் ஆபீஸ் போய் வந்திருக்கிறார். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் (சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) போய் அங்கே எரிந்தால், உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பகுதி உருகி அடைத்துக்கொள்ளும், அதன் விலைக்கு எத்தனையோ செட் பிளக் வாங்கலாம். லைட் மின்னாமல் நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். விட்டுவிட்டு மின்னினால் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.