ஃப்யூஸை ‘டைரக்ட்’ பண்ணிவிட்டு என்னிடம் வராதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. மடிக்கணினி போர்டு. படம் மங்கலாகத் தெரிகிறது, பின்வெளிச்சம் இல்லை என்பதுதான் முதலில் இருந்த கோளாறு. என்னிடம் வந்தபோது போர்டுக்கு உயிரே இல்லை. மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்ததும் கதை புரிந்துவிட்டது. திரைக்கான கனெக்டரை ஒட்டி, 1.6 மி.மீ. நீள ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் பளபளவென்று ஓர் ஈய உருண்டை. கனெக்டரில் இரண்டு பின்கள் கருகியிருந்தன. அவற்றுக்குப் போகும் டிரேஸ், அதாவது கரண்ட் ஓடும் செம்புக் கோடு, போர்டிலிருந்து உரிந்து எழும்பியிருந்தது.

“ஃப்யூஸ் போயிருந்துச்சு சார், டைரக்ட் பண்ணிட்டேன்” என்றார் கொண்டுவந்தவர். ஃப்யூஸை எடுத்துவிட்டு இரு முனைகளையும் நேராக இணைத்துவிட்டாராம். குரலில் கொஞ்சம் பெருமை வேறு.

ஈய உருண்டை வைப்பவர்களிடம்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. “நான் விவரமா மெல்லிசு செம்புக் கம்பிதான் போட்டேன், எதாவது ஆனா அதுவே உருகிடும்” என்பவர்களிடம்தான் பொறுமை போகிறது. சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வில்லியம் பிரீஸ் என்ற பொறியாளர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார். அதன்படி 0.1 மி.மீ. செம்புக் கம்பி உருக ஏறத்தாழ 2.5 ஆம்பியர் வேண்டும். சாதாரண வயரிலிருந்து நீங்கள் பிரித்தெடுக்கும் இழை 0.2 மி.மீ. இருந்தால் 7 ஆம்பியர். அதுவும் காற்றில் தொங்கும் நீளமான கம்பிக்குத்தான் இந்தக் கணக்கு. நீங்கள் போட்டது 2 மி.மீ. துண்டு. இரண்டு முனையும் பேடில், அதாவது பாகங்களை ஒட்டும் செம்புத் திட்டில், ஒட்டியிருப்பதால் சூடு செம்புக்குள் இறங்கிவிடும், கம்பி இன்னும் அதிகமாகத் தாங்கும். அங்கே இருந்ததோ 2 ஆம்பியர் ஃப்யூஸ். உங்கள் கம்பி உருக யோசித்துக்கொண்டிருக்கும்போதே டிரேஸ் போய்விடும். அந்த போர்டில் ஃப்யூஸ் வேலையைச் செய்ததே டிரேஸ்தான்.

இன்னொன்று. 2 ஆம்பியர் ஃப்யூஸ் 2 ஆம்பியரில் போகாது, அதைத் தாங்கத்தான் செய்யும். இரண்டு மடங்கு ஓடினால் பெரும்பாலான சிப் ஃப்யூஸ்கள் சில நொடிகளில் போகும். ஆகவே அது போயிருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று கணிசமாகக் கரண்ட் இழுத்திருக்கிறது. பெரும்பாலும் ஷார்ட் ஆன செராமிக் கெப்பாசிட்டர், அல்லது கனெக்டருக்குள் இறங்கிய தண்ணீர். காரணமே இல்லாமல் வயதாகிப் போகும் ஃப்யூஸும் உண்டுதான். ஆனால் அதை மீட்டர் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றுங்கள். அடாப்டரை உருவினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃப்யூஸின் இரு முனைகளிலும் வைத்து அளந்தால், நல்லது ஓர் ஓமுக்கும் கீழே காட்டும். நன்றாக இருந்தால் அதைத் தொடாதீர்கள், தயவுசெய்து. போயிருந்தால், லோடு பக்க முனைக்கும் (ஃப்யூஸைத் தாண்டி கரண்ட் போகும் பக்கம்) கிரவுண்டுக்கும் இடையில் அளவெடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் புது ஃப்யூஸைப் பற்றிப் பேசவே வேண்டாம், முதலில் ஷார்ட்டைத் தேடுங்கள். போர்டில் ‘எஃப்’ என்று தொடங்குவதெல்லாம் ஃப்யூஸ் இல்லை, ‘எஃப்பி’ என்றால் ஃபெரைட் பீட், மின் இரைச்சலை வடிகட்டும் பாகம். ஃப்யூஸின் தலையில் இருக்கும் எழுத்தும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்கீமாட்டிக்கை (போர்டின் சுற்று வரைபடம்) பார்த்து ஆம்பியர், வோல்ட், உடனே போகும் ஃபாஸ்டா தாமதமாகப் போகும் ஸ்லோவா என்று மூன்றையும் பொருத்துங்கள். வோல்ட் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

கழற்றும்போது ஹாட் ஏரை, அதாவது சூடான காற்றை ஊதும் கருவியை, உடனே எடுப்பவர்கள்தான் அதிகம். நெரிசலான போர்டில் நான் கடைசியாகத்தான் எடுப்பேன். பக்கத்தில் 1 மி.மீ. நீள கெப்பாசிட்டர்கள் வரிசையாக நிற்கும், காற்று கொஞ்சம் கூடினால் பறந்துவிடும். பறந்தது எங்கே இருந்தது என்று அப்புறம் யாருக்குத் தெரியும்? பிளாஸ்டிக் கனெக்டர் இளகினால் இன்னொரு வேலை. ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பரவ உதவும் பசை) தாராளமாகப் போட்டு, இரு முனைகளையும் ஒரே நேரத்தில் தொடும் அகலமான சால்டரிங் பிட்டில் புது ஈயம் ஏற்றி வையுங்கள். ஈயம் கலக்காத சால்டர் உருக 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழைய 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183-லேயே உருகும், இரண்டும் கலந்தால் உங்களுக்கு வேலை எளிது. ஃப்யூஸ் தானாக மிதந்து நகரும்வரை காத்திருங்கள். நெம்பினால் பேட் கையோடு வரும். பெரும்பாலும் ஒரு முனை அகலமான செம்புத் தளத்தில் இருக்கும், அந்தப் பக்கம் சூடேற நேரம் எடுக்கும். அவசரப்படுகிற இடமும் அதுதான்.

ஹாட் ஏர் இல்லாமல் முடியாது என்றால் சுற்றியுள்ளவற்றைச் சூடு தாங்கும் காப்டான் டேப்பால் மூடுங்கள், காற்றைக் குறையுங்கள்.

புதியதை வைப்பது எளிது. ஒரு பேடில் மட்டும் கொஞ்சம் ஈயம், ட்வீசரால் பிடித்து அந்த முனையை ஒட்டு, பிறகு மறுமுனை. ட்வீசரை நெரிக்காதீர்கள், உடல் செராமிக். ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி அளந்து, கரண்ட் லிமிட் வைத்த (இவ்வளவுக்கு மேல் கரண்ட் கொடுக்காத) பவர் சப்ளையில் முதல் தடவை ஓட்டிப் பாருங்கள். பேட்டரியை நேரடியாக மாட்டி ‘என்ன ஆகுதுன்னு பார்ப்போம்’ என்று பார்க்க வேண்டாம். லித்தியம் பேட்டரி கரண்ட் கொடுக்கக் கஞ்சத்தனம் பண்ணாது.

உங்களால் முடியவில்லை என்றால் அப்படியே கொண்டுவாருங்கள், திட்ட மாட்டேன். கழற்றிய ஃப்யூஸை மட்டும் ஒரு டேப்பில் ஒட்டி, எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். இந்த நான்கு பேரும் அதைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.