அதிபரின் கையெழுத்து யாரைக் கட்டுப்படுத்தும்? அமெரிக்க நிர்வாக ஆணைகள் பற்றிய விளக்கம்

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற சில மணி நேரத்தில் அதிபர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணைகளுள் 14160 என்ற எண் கொண்ட ஒன்று, அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை நேரடியாகத் தொட்டது. தாய் சட்டப்படியே தங்கியிருந்தாலும் அவருடைய விசா வேலை, படிப்பு, சுற்றுலா போன்ற தற்காலிக விசாவாக இருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாவிட்டால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையை அமெரிக்கக் குடிமகனாக ஏற்க வேண்டாம் என்பது அதன் ஒரு பகுதி. ஆணை பிறந்து 30 நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கே அது பொருந்தும் என்றும் அதில் இருந்தது. கணவருக்கு எச்-1பி, மனைவிக்கு அவரைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 விசா, பிரசவம் மார்ச்சில் என்றிருந்த ஒரு வீட்டில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அரசமைப்புச் சட்டம் தந்த உரிமையை ஒரு கையெழுத்து எடுத்துவிட முடியுமா?

இதற்கு விடை காண, நிர்வாக ஆணை என்பது என்ன என்று முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். நம் செய்தித்தாள்கள் சில நேரம் இதை 'அவசரச் சட்டம்' என்று எழுதிவிடுகின்றன, அது தவறு. இந்தியக் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்கு நாடாளுமன்றச் சட்டத்துக்கு நிகரான வலு உண்டு, நாடாளுமன்றம் கூடி ஆறு வாரத்துக்குள் ஏற்காவிட்டால் அது காலாவதியும் ஆகும். அமெரிக்க நிர்வாக ஆணையோ தன் கீழுள்ள துறைகளுக்கும் அதிகாரிகளுக்கும் அதிபர் இடும் கட்டளை. புதிய சட்டம் இயற்றும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கே உரியது. அரசமைப்புச் சட்டமோ காங்கிரஸ் இயற்றிய சட்டமோ ஏற்கெனவே தந்துள்ள அதிகாரத்துக்குள்தான் அதிபரின் ஆணை நிற்க முடியும். நம்மூர் அரசாணையோடு ஒப்பிட்டால் ஓரளவு சரியாக இருக்கும்.

14160ஆம் ஆணையைப் படித்தாலே இது விளங்கும். அது பெற்றோருக்கு எந்தக் கட்டளையும் இடவில்லை. குடியுரிமையை ஒப்புக்கொள்ளும் ஆவணங்களை இத்தகைய குழந்தைகளுக்கு வழங்காதீர்கள் என்று மத்திய அரசுத் துறைகளிடம்தான் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழை மாநிலம் தரும். பாஸ்போர்ட் விண்ணப்பம் போகும் இடம் மத்திய அரசு அலுவலகம். கட்டளை அதிகாரிக்குத்தான் என்றாலும், அதன் சுமை விழுவது அவருடைய மேசைக்கு முன்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவர் மீதே.

இதன் மிகக் கொடிய எடுத்துக்காட்டு 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணை. அதில் 'ஜப்பானியர்' என்ற சொல்லே கிடையாது. போர்த்துறைச் செயலரும் அவர் நியமிக்கும் தளபதிகளும் ராணுவப் பகுதிகளை வரையறுத்து, அங்கிருந்து யாரை வேண்டுமானாலும் விலக்கி வைக்கலாம் என்று மட்டுமே அது சொன்னது. பெயர் குறிப்பிடாத அந்த அதிகாரத்தைக் கையில் எடுத்த ராணுவம், அடுத்த மாதமே வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் அறிவிப்பு ஒட்டியது. ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் வெளியேற வேண்டும், கையில் சுமக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஆறு நாள். தீவில் ஸ்ட்ராபெரி பயிரிட்ட குடும்பங்கள், கோடையில் பறிக்க வேண்டிய பழத்தைச் செடியிலேயே விட்டுப் படகேறின. மொத்தத்தில் ஏறத்தாழ 1,20,000 பேர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஆணையை மீறுவோரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் தேவைப்பட்டது, அதைக் காங்கிரஸ் ஒரு மாதத்துக்குள் இயற்றிக் கொடுத்தது. 1944இல் கொரெமட்சு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 6-3 என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. மூன்று தூண்களும் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன நடக்கும் என்பதை நான் இதைவிடத் தெளிவாக எங்கும் கண்டதில்லை. 9066ஆம் ஆணையை முறையாக நீக்கும் அறிவிப்பு 1976இல்தான், அதிபர் ஜெரால்டு போர்டின் கையால் வந்தது. 1988இல் இயற்றப்பட்ட சட்டம், அப்போது உயிரோடிருந்தவர்களுக்கு மட்டும் தலா 20,000 டாலர் இழப்பீடும் மன்னிப்பும் வழங்கியது.

ஆணைகள் தீமைக்கே பயன்பட்டன என்று சொல்லிவிட முடியாது. ராணுவத்தில் நிற வேற்றுமையை ஒழிக்க 1948இல் வழிவகுத்தது ஹாரி ட்ரூமனின் ஆணை. ஆனால் அதே ட்ரூமன் 1952இல், கொரியப் போர்க் காலத்தில், வேலைநிறுத்தம் நெருங்கிய எஃகு ஆலைகளைக் கையகப்படுத்துமாறு தன் வணிகத்துறைச் செயலருக்கு ஆணையிட்டபோது, காங்கிரஸ் தராத அதிகாரம் அது என்று இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

ஆணையின் ஆயுள் பற்றியும் ஒரு சொல். அரசோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்கள் வேலை கொடுப்பதில் இன, நிற, மத வேற்றுமை பார்க்கக் கூடாது என்று 1965இல் லிண்டன் ஜான்சன் பிறப்பித்த 11246ஆம் ஆணை, ஏறக்குறைய 60 ஆண்டுகள் நின்றது. 2025 ஜனவரி 21 அன்று வேறொரு ஆணை அதை ஒரே வரியில் நீக்கியது. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுச் சட்டம் காங்கிரஸ் இயற்றியது என்பதால் அதை அப்படி நீக்க முடியவில்லை. இதே காரணத்தால்தான், ஆண்டுதோறும் வழங்கும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டவருக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பையும் எந்த அதிபரும் ஆணை போட்டுத் தளர்த்த முடியாது. அது சட்டத்தில் இருக்கிறது.

குடியுரிமை ஆணைக்குத் திரும்புவோம். அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் ஆளுகைக்கு உட்பட்டவர்கள் குடிமக்கள் என்கிறது 1868இல் சேர்க்கப்பட்ட 14ஆவது திருத்தம். சீனப் பெற்றோருக்குச் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் குடிமகனே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஆணை வந்த மூன்றாம் நாளே சியாட்டில் நீதிபதி ஒருவர் அதை நிறுத்திவைத்தார். ஆனால் 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஆணை சரியா தவறா என்ற கேள்விக்குள் போகாமல், நாடு முழுவதற்குமான தடையைக் கீழ் நீதிமன்றங்கள் இப்படி விதிக்க முடியாது என்றது. வழக்குப் போட்டவருக்கு ஒரு நீதி, போடாதவருக்கு வேறொன்று என்ற நிலை வந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. அதனால் வழக்கறிஞர்கள் பாதிக்கப்படும் குழந்தைகள் அனைவரையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக் குழு வழக்காகத் தொடர, ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றம் அந்தக் குழந்தைகள் எல்லோருக்கும் பொருந்தும் தடையை வழங்கியது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரிக்க ஏற்றுக்கொண்டது.

ஆணை வெளியான அன்றே அஞ்சி முடிவெடுக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் 2025 செப்டம்பர் 19. எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற பிரகடனம் (அதிபர் கையெழுத்திடும் இன்னொரு வகை ஆணை) அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, கையெழுத்தாகி ஞாயிறு அதிகாலையில் நடைமுறைக்கு வரவிருந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் பாதியில் டிக்கெட் மாற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அந்த ஞாயிறு முதல் தாக்கலாகும் புதிய மனுக்களுக்கே என்ற விளக்கம் குடிவரவுத் துறையிடமிருந்து மறுநாள் வந்தது. பிரகடனத்தின் வாசகம் மட்டும் அந்தத் தெளிவைத் தரவில்லை. எனவே ஆணையின் முழு வாசகத்தை அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரிஜிஸ்டரில் இலவசமாகப் படித்து, எந்தச் சட்டப் பிரிவின் பெயரால் அது பிறந்தது, எந்தத் துறைக்கு இடப்பட்டது, எந்த நாளிலிருந்து என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் துறை வெளியிடும் வழிகாட்டுதலைப் பார்த்துவிட்டு, குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டபின் பயணத்தை மாற்றுங்கள்.