சுகருக்கு நீட்டும் அதே கார்டை மனச்சோர்வுக்கும் நீட்டலாம்

அப்பா பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி வந்தபோது அவருக்கு 39 வயது. அதன்பிறகு மாதம் தவறாமல் முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக் போய் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாங்கி வந்தார். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பதை மட்டும் டாக்டரிடம் சொல்லவே இல்லை. "அதுக்கெல்லாம் கார்டுல பாப்பாங்களாடா?" என்று என்னிடம் கேட்டார்.

பார்ப்பார்கள். இது தெரியாமல் எத்தனையோ வீடுகளில் வருடங்கள் போய்விடுகின்றன.

அப்பா சொன்ன கார்டு, இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் கார்டு. திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரருக்கும், மனைவிக்கும், அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். குடும்ப பென்ஷன் வாங்கும் விதவைகளும் சேரலாம். சந்தா ஒரே தடவைதான். மனச்சோர்வு, பதற்றம், பழைய சம்பவங்கள் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வந்து வதைப்பது எல்லாமே சிகிச்சைக்குரிய நோய்கள். இத்தனை வருடம் இவரோடு சேர்ந்து தூங்காமல் கிடந்த அம்மாவும் தன் பெயரில் உள்ள கார்டைக் காட்டி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான பாலிகிளினிக்குகளில் மனநல மருத்துவர் இருப்பதில்லை. அங்குள்ள மெடிக்கல் ஆபீசர் ரெஃபரல், அதாவது வேறு மருத்துவரிடம் அனுப்பும் சீட்டு, எழுதிக் கொடுத்தால் ராணுவ மருத்துவமனையிலோ, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலோ காட்டலாம். அதனால் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன சொல்கிறோம் என்பது முக்கியம். "தூக்கம் வரல" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். எத்தனை வாரமாக இப்படி, சாப்பாடு எப்படி, எதற்கெல்லாம் கோபம் வருகிறது, சாகலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "சைக்கியாட்ரிஸ்டைப் பார்க்க ரெஃபரல் வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் தடவை எங்களை "வயசானா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுவாரம் அந்தத் தாளோடு போனோம், ரெஃபரல் கிடைத்தது.

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் ரெஃபரலுக்காகக் காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் உள்ள மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். அது திட்டத்தில் இல்லாத மருத்துவமனை என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

பலரைத் தடுப்பது பயம்தான். மனநல மருத்துவரைப் பார்த்தால் பென்ஷன் நின்றுவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. செய்த சர்வீசுக்கு வரும் பென்ஷனை அதைக் காரணம் காட்டி யாரும் நிறுத்த முடியாது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநல பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. குடியால் வரும் மனநலக் கோளாறும் அந்தச் சட்டத்தின் பார்வையில் நோய்தான்.

துப்பாக்கி பற்றியும் சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆன பிறகு துப்பாக்கியோடு காவல் காக்கும் கன்மேன் வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே நிறைய. லைசென்ஸ் போய்விடுமோ என்று நோயை மறைக்கிறார்கள். மனசு சரியில்லாத காலத்தில் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவே வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள். வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நோய் சர்வீசிலேயே தொடங்கியிருந்தால் ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கும் உரிமையும் உண்டு. நோய் சர்வீசால் வந்தது, அல்லது சர்வீசால் அதிகமானது என்று நிலைநாட்ட வேண்டும். ஆளெடுப்பின்போது எந்தக் குறையும் பதிவாகவில்லை என்றால், பின்னால் வந்த நோய் சர்வீசால் வந்ததாகவே கருதவேண்டும் என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மனச்சிதைவு சம்பந்தப்பட்ட நர்சிங் யாதவ் வழக்கில், 2019-ல், அப்படித் தானாகவே கருத முடியாது என்றது. ஆகவே மெடிக்கல் போர்டு காகிதங்கள், பணியாற்றிய இடங்களின் விவரம், சர்வீசில் எடுத்த சிகிச்சைச் சீட்டுகள், எதையும் தூக்கிப் போடாதீர்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடப்பதுகூட உதவும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் முடியாவிட்டால் சென்னையில் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள்.

பென்ஷன் இல்லாமல் சீக்கிரம் வெளியே வந்தவர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருந்தும் ஆலோசனையும் இலவசம்.

டாக்டரிடம் நேரில் போகக் கூச்சம் என்றால் 14416 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற இந்தச் சேவை 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் இதன் தனிப் பிரிவு ஒன்றும் தொடங்கப்பட்டது. அப்பா முதலில் பேசியது இந்த நம்பரில்தான், ராத்திரி இரண்டரைக்கு, திண்ணையில் உட்கார்ந்தபடி.